மேட்டூர் நீர் இருப்பு புரிகிறது, கரண்ட் பில் மட்டும் ஏன் புரிவதில்லை?

மே மாதம், மதியம் ஒரு மணி. மாடியில் 3 கிலோவாட் சோலார் பேனல் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் கரண்ட் போகிறது. வீட்டில் ஃபேன் ஓடுமா, நிற்குமா?

நிற்கும். பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்துப் போடப்படும் 'ஆன்-கிரிட்' சோலாரில், வெளியே கரண்ட் போனால் உள்ளேயும் போய்விடும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வாங்கிப் பேனல் போடுகிற வீடுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். "சூரியன் மேல இருக்கு, பேனல் மாடியில இருக்கு, அப்புறம் ஏன் ஃபேன் ஓடல?" என்ற கேள்வி பலருக்கு முதல் பவர் கட் வரும்போதுதான் வருகிறது. அதற்குள் பணம் கட்டியாகிவிட்டது.

காரணம் இரண்டு. சப்ளை இல்லாத லைனில் மின்வாரிய ஊழியர் ஒருவர் கை வைத்து வேலை பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒரு வீட்டுப் பேனலிலிருந்து அந்த லைனுக்குள் மின்சாரம் போனால் அவர் உயிருக்கே ஆபத்து. அதனால் சப்ளை போன உடனே சோலார் இன்வெர்ட்டர் தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும். இது பாதுகாப்பு விதி. இரண்டாவது காரணம்தான் இங்கே முக்கியம். பேனலிடம் கையிருப்பு என்று எதுவும் கிடையாது. ஒரு மேகம் கடந்தால் உற்பத்தி சரியும், மிக்ஸியைப் போட்டால் தேவை எகிறும். இந்த ஏற்ற இறக்கத்தை அதுவரை பின்னால் நின்று சமாளித்தது கிரிட். அது போய்விட்டால் பேனல் என்பது மேல்நிலைத் தொட்டி இல்லாத குழாய் மாதிரி.

இதைப் புரிந்துகொள்ள பி.இ. படிக்க வேண்டியதில்லை. பள்ளி இயற்பியலில் வரும் 'ஆற்றல்' பாடமே போதும். ஆனால் அந்தப் பாடத்தை நல்ல மார்க்கோடு தாண்டி வந்தவர்களுக்கும் இந்தக் கேள்வி குழப்புகிறது. படித்தவர்கள் மறந்துவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் பாடத்தின் அமைப்பிலேயே ஒரு கோளாறு இருக்கிறது.

ஒரு மார்க் ஃபேன்

ஆற்றல் என்றதும் தமிழ்நாட்டில் படித்த எவருக்கும் ஒரு பட்டியல் ஞாபகம் வரும். இயக்க ஆற்றல், நிலை ஆற்றல், வெப்ப ஆற்றல், ஒளி ஆற்றல், ஒலி ஆற்றல், மின் ஆற்றல், வேதி ஆற்றல், அணுக்கரு ஆற்றல். அதற்குப் பின்னாடியே ஒரு விதி: ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது, ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றலாம். அப்புறம் ஒரு மார்க் கேள்வி: மின்விசிறியில் மின் ஆற்றல் எந்த ஆற்றலாக மாறுகிறது? விடை: இயக்க ஆற்றல். டிக்.

கொஞ்சம் நிதானமாக யோசித்தால் இந்த விடை இடிக்கும். சீலிங் ஃபேன் சுவிட்சைப் போட்ட சில விநாடிகளில் அது முழு வேகத்துக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ராத்திரி முழுக்க அதே வேகம்தான். அதாவது இறக்கைகளில் இருக்கும் இயக்க ஆற்றல் சில நூறு ஜூல், அது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. 75 வாட் ஃபேன் என்றால் ஒவ்வொரு விநாடியும் 75 ஜூல் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. எட்டு மணி நேரத்தில் 21 லட்சத்து 60 ஆயிரம் ஜூல். அதெல்லாம் எங்கே போச்சு?

மோட்டாரைச் சூடாக்கியது, காற்றைத் தள்ளியது, அந்தக் காற்று சுவரிலும் தரையிலும் தனக்குள்ளேயும் உரசி ஓய்ந்து மறுபடி சூடானது. கடைசிக் கணக்கில் கிட்டத்தட்ட முழுவதும் அறையின் வெப்பமாகிவிட்டது. ஆமாம், ஃபேன் அறையைச் சூடாக்குகிறது. கொஞ்சூண்டு. நமக்குக் குளிர்வதாகத் தெரிவது வியர்வை சீக்கிரம் ஆவியாவதால். ஆளில்லாத அறையில் ஃபேனை ஓடவிட்டால் அறை குளிர்ச்சியாக இருக்கும் என்று நம்புகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. அவர்கள் பள்ளியில் அந்த ஒரு மார்க்கை வாங்கியவர்களாகவும் இருக்கலாம்.

இந்தப் பிரச்சினையை அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மேன் 1966-லேயே அந்நாட்டு அறிவியல் ஆசிரியர்கள் கூட்டத்தில் போட்டு உடைத்தார். முதல் வகுப்புப் புத்தகம் ஒன்றில் சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை நாயின் படத்தைப் போட்டு, அதை எது ஓடவைக்கிறது என்று கேட்டுவிட்டு, எனர்ஜி என்று விடை கொடுத்திருந்தார்கள். அவருடைய ஆட்சேபம் எளிமையானது. எனர்ஜி என்ற சொல்லை எடுத்துவிட்டு அங்கே எந்த அர்த்தமில்லாத சொல்லைப் போட்டாலும் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதற்குப் பதில் பொம்மையைப் பிரித்து உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கைக் காட்டியிருக்கலாம் என்றார் அவர்.

ஃபேன் கேள்விக்கும் இதே டெஸ்ட்டை வைத்துப் பார்க்கலாம். அப்படிப் பார்த்தால் 'மின் ஆற்றல் இயக்க ஆற்றலாக மாறுகிறது' என்ற விடையில் ஒரு பெயருக்குப் பதில் இன்னொரு பெயர் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இருப்பும் வரத்தும்

இங்கிலாந்தில் 2016-ல் நடைமுறைக்கு வந்த ஜிசிஎஸ்இ பாடத்திட்டத்தில் இந்தப் பட்டியலைத் தூக்கிவிட்டார்கள். அதற்குப் பதிலாக இரண்டு கேள்விகள் வந்தன. ஆற்றல் இப்போது எதில் இருப்பாக இருக்கிறது? எந்த வழியாக அடுத்த இருப்புக்குப் போகிறது? இருப்புகளாக அவர்கள் சொல்வது: ஓடும் பொருள், உயரத்தில் இருக்கும் பொருள், இழுத்த ஸ்பிரிங், சூடான பொருள், எரிபொருள் மாதிரியான வேதிப் பொருள், அணுக்கரு, அதோடு காந்தம், மின்னூட்டம் சார்ந்த இரண்டு. வழிகள் நான்குதான்: விசை தள்ளுவது, மின்னோட்டம், சூடு பரவுவது, ஒளி போன்ற கதிர்வீச்சு. கேம்பிரிட்ஜின் ஐஜிசிஎஸ்இ பாடத்திட்டமும் 2023 தேர்விலிருந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது. அந்தப் பாடத்திட்டம் நடத்தும், ஃபீஸ் எகிறும் பள்ளிகள் சென்னையிலும் கோவையிலும் இருக்கின்றன.

கவனித்தீர்களா? இருப்புப் பட்டியலில் மின்சாரம் இல்லை. ஒளி இல்லை. ஒலியும் இல்லை. அவை வழிகள். கூகுள் பே, போன்பே மாதிரி. யூபிஐயில் பணம் 'இருப்பதில்லை', போகிறது. பணம் இருப்பது இந்தப் பக்கம் ஒரு வங்கிக் கணக்கில், அந்தப் பக்கம் இன்னொரு வங்கிக் கணக்கில். மின்சாரமும் அப்படித்தான். பள்ளிப் பட்டியல் பேட்டரிக்குள் இருக்கும் வேதி ஆற்றலையும் வயரில் போகும் மின்சாரத்தையும் ஒரே வரிசையில் நிறுத்தியதால்தான், சோலார் பேனல் இருந்தால் வீட்டில் கரண்ட் 'இருக்கும்' என்று தோன்றுகிறது.

தமிழில் இதைச் சொல்ல இங்கிலாந்திலிருந்து வார்த்தை இறக்குமதி செய்யத் தேவையே இல்லை என்பதுதான் வேடிக்கை. மேட்டூர் அணைச் செய்தியைப் பாருங்கள். நீர்மட்டம் இத்தனை அடி, நீர் இருப்பு இத்தனை டிஎம்சி, நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி, பாசனத்துக்குத் திறப்பு விநாடிக்கு இத்தனை கன அடி. அணையின் முழு உயரம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி என்பது டெல்டா மாவட்டங்களில் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் யாரைக் கேட்டாலும் வரும். வரத்து அதிகமாக இருந்தால் அணை நிரம்பிவிட்டது என்று அர்த்தமில்லை, இருப்பு அதிகம் என்பதற்காகத் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது என்றும் அர்த்தமில்லை. இந்த வித்தியாசத்தை அவர்கள் யாரும் வகுப்பில் படித்ததில்லை. தினமும் செய்தியில் படித்ததுதான்.

ஆற்றல் பாடத்தை இருப்பு, வரத்து, திறப்பு என்ற இந்த மூன்று சொற்களில் நடத்தினால் என்ன?

கிலோவாட்டும் யூனிட்டும் ஒன்றல்ல

இங்கே இன்னொரு குழப்பம் வழியை மறிக்கிறது. சொல் குழப்பம். பாடப்புத்தகத் தமிழில் எனர்ஜி என்றால் ஆற்றல், பவர் என்றால் திறன். பிளஸ் ஒன் இயற்பியலில் ஒரு பாடத்தின் பெயரே 'வேலை, ஆற்றல் மற்றும் திறன்'. ஆனால் ஃபைலில் 'எரிசக்தி', பேச்சில் 'பவர்', இலங்கைப் பாடநூலில் ஆற்றலுக்குச் 'சக்தி', திறனுக்கு 'வலு'. தெருவில் எல்லாமே 'கரண்ட்'. திறன் என்றால் சாமானியத் தமிழில் திறமை. அதை ஒரு அளவு என்று நினைக்க மனசு வருவதில்லை.

மொபைல் டேட்டா வைத்திருப்பவர்களுக்கு இது சுலபம். ஜிபி என்பது எவ்வளவு, எம்பிபிஎஸ் என்பது எவ்வளவு வேகம். யூனிட் என்பது ஜிபி மாதிரி, கிலோவாட் என்பது எம்பிபிஎஸ் மாதிரி. ஒரு கிலோவாட் வேகத்தில் ஒரு மணி நேரம் போனால் ஒரு யூனிட், அதாவது 36 லட்சம் ஜூல். மேட்டூர் மொழியில், கிலோவாட் என்பது கன அடி, யூனிட் என்பது டிஎம்சி.

இந்தச் சூத்திரம் பத்தாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. ஆனால் 'மின்னோட்டவியல்' பாடத்தில், ஆற்றல் பாடத்திலிருந்து தனியாகப் பிரிந்து கிடக்கிறது. உயரத்தில் இருக்கும் தண்ணீருக்கு ஜூல், கரண்டுக்கு யூனிட் என்று இரண்டு உலகமாக இருப்பதால், இரண்டையும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. வைத்துப் பார்த்தால் சுவாரஸ்யமே அங்கேதான் தொடங்குகிறது.

1,000 லிட்டர் தொட்டியை 10 மீட்டர் உயரத்துக்கு நிரப்புகிறீர்கள். நிறை, ஈர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் 98,000 ஜூல். யூனிட்டில் 0.03-கூட இல்லை. மோட்டார், குழாய் இழப்புக்காக மூன்று மடங்கு போட்டாலும் 0.08 யூனிட். இப்போது ஒரே ஒரு லிட்டர் தண்ணீரை கெட்டிலில் 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைப்போம். சுமார் 2,94,000 ஜூல். அதுவும் 0.08 யூனிட்! ஆயிரம் லிட்டரை மாடிக்கு ஏற்றுவதும் ஒரு லிட்டரைக் கொதிக்க வைப்பதும் மீட்டருக்கு ஒன்றுதான். 15 லிட்டர் கீசர் ஒரு தடவை சூடாக ஏறக்குறைய அரை யூனிட். 'மோட்டாரை ஆஃப் பண்ணு' என்று வீடே கத்தும். தண்ணீர் வீணாகும் என்பதால் அது நியாயம்தான். ஆனால் கீசருக்காக யாரும் கத்துவதில்லை.

கையில் இருக்கும் போனையும் விடவேண்டாம். 5,000 எம்ஏஹெச் பேட்டரி என்றால் சுமார் 19 வாட் மணி, ஏறத்தாழ 70,000 ஜூல். அதாவது சட்டைப் பாக்கெட்டில் இருப்பது, 10 மீட்டர் உயரத் தொட்டியில் 700 லிட்டர் தண்ணீருக்குச் சமமான இருப்பு. ஒரு யூனிட்டில் போனை ஐம்பது தடவை சார்ஜ் செய்யலாம் (சார்ஜர் இழப்பைக் கழித்தால் கொஞ்சம் குறையும்). சார்ஜரைப் பிளக்கில் விட்டுவிட்டதற்காகக் குற்ற உணர்ச்சியில் இருப்பவர்கள், ராத்திரி ஏசியை 18-ல் வைத்ததற்காகக் கொஞ்சம் வருத்தப்படலாம். 1.5 டன் ஏசி முழு மூச்சில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒன்றரை யூனிட். அது 75 போன் சார்ஜ்.

வீடுகளில் இன்வெர்ட்டரோடு வைக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரியில் முழு சார்ஜில் 1.8 யூனிட் இருக்கும். ஒரு ஃபேன் ஒரு நாள். ஏசி என்றால் ஒரு மணி நேரம் சொச்சம். இந்த ஒரு கணக்கு தெரிந்தால், மதியம் பவர் கட்டில் ஏசி ஓடுகிற மாதிரி சோலார் பேட்டரி வேண்டும் என்று கேட்பவருக்குக் கடைக்காரர் சொல்லும் விலை ஏன் தலைசுற்ற வைக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

காற்றை பேங்கில் போட்ட கதை

இருப்பையும் வழியையும் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. காற்றாலை 'பேங்கிங்'.

ஆரல்வாய்மொழிக் கணவாய், முப்பந்தல் பக்கம் காற்று பிய்த்துக்கொண்டு அடிப்பது மே முதல் செப்டம்பர் வரை. கொங்கு மண்டலத்து மில்கள் பல, சொந்தக் காற்றாலைகளை அங்கே வைத்திருக்கின்றன. ஆனால் மில் ஓட வேண்டியது வருடம் முழுக்க. அதனால் ஒரு ஏற்பாடு வந்தது. சீசனில் உற்பத்தியாகும் உபரி யூனிட்டுகளை மின்வாரிய கிரிட்டில் 'போட்டு' வைப்பது, நிதியாண்டு முடிவதற்குள் தேவைப்படும்போது 'எடுத்துக்கொள்வது', அதற்கு ஒரு கட்டணம் கழித்துக்கொள்வது. புதிய காற்றாலைகளுக்குப் பிறகு இந்தச் சலுகை சுருங்கியது. கட்டணம் எவ்வளவு, காலம் எவ்வளவு என்று ஒழுங்குமுறை ஆணையம் வரை போய் வருடக்கணக்கில் இழுபறி.

சரி, ஜூலையில் போட்ட யூனிட் ஜனவரி வரை எங்கே இருந்தது?

எங்கேயும் இல்லை. கிரிட்டில் மின்சாரத்தைப் போட்டு வைக்க இடமே கிடையாது. ஒவ்வொரு விநாடியும் உற்பத்தியும் செலவும் சமமாக இருக்க வேண்டும். சமம் தவறினால் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் ஆட்டம் காணும். ஜூலையில் அந்தக் காற்று மின்சாரத்தை அப்போதே வேறு யாரோ பயன்படுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக மின்வாரியம் ஏதோ ஒரு அனல் நிலையத்தில் உற்பத்தியைக் குறைத்தது, அல்லது ஏதோ ஒரு அணையில் மதகைத் திறக்காமல் விட்டது. எரிக்காத நிலக்கரி, இறக்காத தண்ணீர், உண்மையான இருப்பு அதுதான். ஜனவரியில் மில்லுக்குத் திரும்பக் கிடைத்தது அந்த நிலக்கரி. கணக்குப் புத்தகத்தில் அதன் பெயர் காற்று.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் யாரோ ஒருவர் நிஜமான இருப்பைச் சுமந்துகொண்டு நிற்க வேண்டும், அதற்கு ஒரு செலவு உண்டு. அதை யார் கொடுப்பது என்பதுதான் அத்தனை சண்டையும். வீட்டுச் சோலாரின் நெட் மீட்டரிங்கும் இதே கதைதான், பருவத்துக்குப் பதில் பகல்-ராத்திரி. மதியம் கிரிட்டுக்குக் கொடுத்த யூனிட் ராத்திரி ஏசிக்குத் திரும்பி வருவதாக பில் சொல்லும். ராத்திரி வருவது பெரும்பாலும் அனல்மின்சாரம்.

மின்சாரத்தை நிஜமாகவே இருப்பாக மாற்றி வைக்கும் இடம் ஒன்று தமிழ்நாட்டில் 1980-களின் கடைசியிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனைமலையில் உள்ள காடம்பாறை நீரேற்று மின்நிலையம். 100 மெகாவாட் இயந்திரங்கள் நான்கு, மொத்தம் 400 மெகாவாட். உபரி மின்சாரம் இருக்கும்போது கீழே மேல் ஆழியாறு அணையிலிருந்து தண்ணீரை மேலே காடம்பாறை அணைக்கு ஏற்றுவார்கள். தேவை எகிறும்போது அதே தண்ணீரை அதே இயந்திரங்கள் வழியாகக் கீழே இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். இந்த வகை நிலையங்களில் 100 யூனிட் செலவழித்தால் 75-80 யூனிட்தான் திரும்ப வரும். நஷ்டம் மாதிரி தெரியும். ஆனால் மதியம் யாருக்கும் வேண்டாத யூனிட்டை ராத்திரி எட்டு மணிக்கு எல்லோரும் கேட்கிற யூனிட்டாக மாற்றுவதற்கு அது கொடுக்கிற விலை.

இங்கேயும் ஒரு கணக்கு. 1,000 லிட்டர் தண்ணீர் ஒரு யூனிட் தரவேண்டும் என்றால், இழப்பே இல்லாவிட்டாலும் சுமார் 370 மீட்டர் இறங்க வேண்டும். அப்பார்ட்மென்ட் மாடியில் தொட்டி கட்டி மின்சாரம் எடுக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் வரும் வீடியோக்களின் கதை இந்த ஒரு வரியில் முடிந்துவிடும். மலை வேண்டும், இரண்டு அணை வேண்டும். நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா நீரேற்றுத் திட்டத்துக்கு வருடக்கணக்கில் காலம் பிடித்ததும் சும்மா இல்லை. தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 2024 கோடையில் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. காடம்பாறை அதில் வெறும் 2 சதவீதம்.

மரபு யாருடைய மரபு?

ஆற்றல் மூலங்கள் பாடத்தில் பள்ளிகள் போடும் கோடு மரபு சார்ந்தவை, மரபு சாராதவை. நிலக்கரி, பெட்ரோல் அந்தப் பக்கம், சூரியன், காற்று இந்தப் பக்கம். இது இயற்பியலே இல்லை. காற்றை வைத்துப் பாய்மரக் கப்பல் ஓட்டியது எப்போது, யுரேனியத்தைப் பிளந்தது எப்போது? எது மரபு? 'புதுப்பிக்கத்தக்கவை' என்ற பிரிவு இதைவிட மேல்தான். ஆனால் அதுவும் தீருமா தீராதா என்று சொல்கிறதே தவிர, வேண்டும்போது கிடைக்குமா என்று சொல்வதில்லை.

இருப்பாகவே கிடைப்பவை, வரத்தாக மட்டுமே கிடைப்பவை என்று கோடு போட்டுப் பாருங்கள். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி, ஒடிசாவிலிருந்து கப்பலில் எண்ணூருக்கு வந்து இறங்கும் நிலக்கரி, கூடங்குளத்தின் யுரேனியம், மேட்டூர் தண்ணீர் எல்லாம் இருப்பு. வேண்டும்போது திறக்கலாம். கமுதியின் 648 மெகாவாட் சோலார் பண்ணையும் முப்பந்தல் காற்றும் வரத்து. வரும்போது பிடித்தால்தான் உண்டு. அனல் நிலையங்களில் 'இத்தனை நாளுக்கான நிலக்கரி கையிருப்பு' என்று செய்தி வருவதும், சோலாருக்கு அப்படி ஒரு செய்தி வராததும் ஏன் என்பது இப்போது தெரியும்.

இப்படிப் பிரித்தால் அரசியல் விவாதமும் மாறிவிடும். 'சோலார் மலிவு, அப்புறம் ஏன் இன்னும் நிலக்கரி?' என்று ஒரு கோஷ்டி, 'ராத்திரி சூரியன் இருக்காது, சோலார் எல்லாம் வேஸ்ட்' என்று இன்னொரு கோஷ்டி. இரண்டுமே பாதிக் கேள்விகள். வரத்து மலிந்துவிட்டது, இருப்புக்கு என்ன வழி, அதற்கு யார் பணம் போடுவது என்பதுதான் முழுக் கேள்வி. மத்திய அரசு 2023 ஜூனில் மின் நுகர்வோர் விதிகளைத் திருத்தி, வெயில் நேரத்தில் குறைவாகவும் உச்ச நேரத்தில் கூடுதலாகவும் கட்டணம் வாங்க வழி செய்ததும் இதனால்தான். பில்லில் இனி எத்தனை யூனிட் என்பதோடு எந்த நேரத்து யூனிட் என்பதும் வரப்போகிறது. பட்டியலை மட்டும் படித்த ஒருவருக்கு அது அநியாயமாகத்தான் படும். ஒரே யூனிட், எதற்கு இரண்டு விலை?

அழியாது என்றால் எதற்குச் சிக்கனம்?

வகுப்பில் கொஞ்சம் தைரியமான பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. ஆற்றலை அழிக்கவே முடியாது என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்தில் ஆற்றலைச் சேமிப்போம் என்றால் எப்படி? பெரும்பாலும் கிடைக்கும் பதில், உட்கார்.

அருமையான கேள்வி. 10 டன் எடையுள்ள ஒரு பஸ் 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அதன் இயக்கத்தில் இருக்கும் ஆற்றல் சுமார் 14 லட்சம் ஜூல், கிட்டத்தட்ட 0.4 யூனிட். டிரைவர் பிரேக் போட்டு நிறுத்துகிறார். ஒரு ஜூல்கூட அழியவில்லை. பிரேக் டிரம் சூடானது, அந்தச் சூடு காற்றில் கலந்தது. ஊர் முழுக்கப் பரவி, வெப்பநிலையில் அளக்கவே முடியாத அளவு கூடியிருக்கும். அதைத் திரும்பக் கூட்டிச் சேர்த்து பஸ்ஸை நகர்த்த வழியில்லை. கடலில் கலந்த காவிரித் தண்ணீர் அழியவில்லைதான், ஆனால் குறுவைக்குப் பாய்ச்ச முடியாது. சென்னை மெட்ரோ ரயிலில் பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி அந்த ஆற்றலில் ஒரு பகுதியைத் திரும்ப லைனுக்குக் கொடுக்கிறது. கடலுக்குப் போகுமுன் ஒரு தடுப்பணை.

பெட்ரோல் ஸ்கூட்டரும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரும் இங்கேதான் பிரிகின்றன. ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது சுமார் 9 யூனிட். அதில் 50 கிலோமீட்டர் போகிறது. 3 யூனிட் பேட்டரி போட்ட எலெக்ட்ரிக் வண்டி 100 கிலோமீட்டர் பக்கம் போகிறது. பெட்ரோலிடம் இருப்பு கொட்டிக் கிடக்கிறது, ஆனால் இன்ஜின் அதில் பெரும்பகுதியைச் சைலன்சர் வழியாகச் சூடாக வெளியே விடுகிறது.

புதிய பட்டியல் வேண்டாம்

இங்கிலாந்து மாதிரி மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அப்படியும் இல்லை. அங்கே இப்போது 'எட்டு இருப்பு, நான்கு வழி' என்பதையே மனப்பாடம் செய்து தேர்வு எழுதுகிற பழக்கம் வந்துவிட்டது. ஒலியை எந்த வழியில் சேர்ப்பது என்று ஆசிரியர்களுக்குள்ளேயே வாதம் நடக்கிறது. இங்கே கொண்டுவந்தால் கைடு போடுகிறவர்கள் ஒரே மாதத்தில் அதற்கும் ஒரு அட்டவணை போட்டுவிடுவார்கள்.

அட்டவணையை மாற்றுவதைவிடக் கேள்வித்தாளை மாற்றுவது முக்கியம். எந்த வகையாக மாறுகிறது என்று கேட்பதை விட்டுவிட்டு, எவ்வளவு என்று கேட்கலாம். எங்கிருந்து எடுத்தது, எங்கே போய்ச் சேர்ந்தது, வழியில் எவ்வளவு சிந்தியது, எத்தனை விநாடியில். எண்ணாக எழுதச் சொன்னால் மனப்பாடம் உதவாது. ஆற்றல் என்பது கடைசியில் ஒரு கணக்குதான். கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் கூட்டிக் கழித்துப் பார்த்தால் எப்போதும் டாலி ஆகும்.

'எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இவ்வளவு கணக்கு எதற்கு, லேப் வசதியே இல்லாத பள்ளியில் எப்படி' என்று ஆசிரியர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இதற்கான லேப் எல்லார் வீட்டு வாசலிலும் ஏற்கெனவே மாட்டியிருக்கிறது. மின்வாரிய டிஜிட்டல் மீட்டரில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சிட்டிருப்பார்கள். 3,200 என்று போட்டிருந்தால் ஒவ்வொரு மினுக்கும் 1,125 ஜூல். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 75 வாட் ஃபேனை மட்டும் போட்டால் 15 விநாடிக்கு ஒரு மினுக்கு. புதிய பிஎல்டிசி ஃபேன் என்றால் 40 விநாடி ஆகும். அயர்ன் பாக்ஸைப் போட்டால் விநாடிக்கு ஒன்று. எல்லாவற்றையும் அணைத்த பிறகும் எப்போதாவது ஒருமுறை மினுக்கினால், டிவி செட்-டாப் பாக்ஸையும் வைஃபை ரூட்டரையும் போய்ப் பார்க்கலாம்.